சுவரைப் பாருங்கள்



இவ்வாரம் உண்ணிகளைக் குறித்து எழுதுகிறேன். போதகர் எழுதவேண்டிய பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் கடந்த கோடையில் எங்கள் சேகரத்தில் மிகுதியாகப் பேசப்பட்ட பொருள் இதுவே. அதில் நான் நடந்துகொண்ட விதம் எனக்கே மனநிறைவு தரவில்லை. உங்களில் பலர் வீட்டிலும் நாயும் முற்றமும் உண்டு என்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தச் சேகரத்திற்கு மாற்றலாகி வந்தபோது குருமனையோடு ஒரு நாயும் எனக்குக் கிடைத்தது. முன்பிருந்த குருவானவரின் பிள்ளைகள் வளர்த்தது. மணி என்று பெயர். சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த ஒரு சிறுமியின் காதுக்குப் பின்னால் உண்ணி ஒன்று ஒட்டியிருந்ததை அவளுடைய தாயார் கண்டார். அந்தத் தாயாரின் அச்சம் நியாயமானதே. அன்று மாலையே கமிட்டியார் நால்வர் குருமனைத் திண்ணையில் வந்து அமர்ந்தார்கள். நாயை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. கோயில்பிள்ளை சாக்குப்பையையும் எடுத்து வைத்துவிட்டார். நான் மறுப்பாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. இறையியல் கல்லூரியில் படைப்பைப் பேணுதல் என்னும் தலைப்பில் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவன் நான்.

மறுநாள் காலையில் மணியின் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. இரத்தம் வடியும் நாயைச் சாக்கில் கட்ட எவருக்கும் கை வரவில்லை. ஆகவே அரசு கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த மருத்துவ அம்மையார் ஈறுகளைத் தூக்கிப் பார்த்தார், வெளுத்திருந்தன. இரத்தச் சோதனைக்குப் பின், உண்ணியின் வழியாகப் பரவும் எர்லிக்கியா என்னும் நோய் என்றார். மருந்து எழுதிக்கொண்டே, “ஐயா, நாயை எத்தனை தரம் குளிப்பாட்டினீர்கள்?” என்று கேட்டார். வாரந்தோறும் என்றேன். “சுவரை எத்தனை தரம் பார்த்தீர்கள்?” என்றார். எனக்கு விளங்கவில்லை.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் வீட்டு நாய்களில் காணப்படும் பழுப்பு நிற உண்ணி, தன் வாழ்நாளில் மூன்று முறை மட்டுமே இரத்தம் குடிக்க நாயின்மேல் ஏறுகிறது. ஆறு கால்களோடு குஞ்சாக இருக்கும்போது ஒரு முறை, எட்டுக் கால் பெற்றபின் இளம் உண்ணியாக ஒரு முறை, முதிர்ந்தபின் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் சில நாட்கள் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவரின் வெடிப்பிலோ செங்கல் அடுக்கின் இடுக்கிலோ ஒளிந்து தோலுரிக்கிறது. கொழுத்து உருண்ட பெண் உண்ணி அதே வெடிப்புகளில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகிறது. முதிர்ந்த உண்ணி இரத்தமே இல்லாமல் ஓர் ஆண்டுக்கு மேலும் காத்திருக்க வல்லது. அப்படியானால், நாயின் மேல் நாம் காண்பது அந்தக் கூட்டத்தின் சிறு பங்கே. பெரும் பங்கு நம் மதிலில் குடியிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாயிருந்தது. நாயை அப்புறப்படுத்திவிட்டால் மதிலில் இருக்கும் உண்ணிகள் போய்விடுவதில்லை. பசியோடு இறங்கி வந்து, நாய் கிடைக்காதபோது மனிதரைக் கடிக்கவும் கூடும். அந்தச் சிறுமியைக் காக்கவென்று நாங்கள் எடுத்த முடிவு அவளுக்கே தீங்காய் முடிந்திருக்கும்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உண்ணிக்காக நாயைத் தெருவில் விடுவது பாவம் மட்டுமல்ல, பயனற்றதும் ஆகும். காரணமின்றி விலங்கைப் பட்டினிக்குக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் சட்டத்தைக் காட்டி விசுவாசிகளைத் திருத்தவேண்டிய நிலை வருவதை நான் விரும்பவில்லை.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். நானும் அதைப் பிரசங்கித்ததில்லை. அங்கே தோஷம் கண்ட ஒரு வீட்டைப் பற்றிய கட்டளை உண்டு. ஆசாரியன் வந்து சுவரைப் பார்க்கிறான். ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்து மறுபடியும் வந்து பார்க்கிறான். தோஷம் பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, உட்புறத்தைச் சுரண்டி, மண்ணை ஊருக்கு வெளியே கொட்டி, வேறு கற்களை வைத்துப் புதிதாய்ப் பூசவேண்டும். அதன்பின்னும் தோஷம் திரும்பி வந்தால்தான் வீட்டை இடிப்பது. ஆசாரியன் உள்ளே வருமுன் வீட்டிலுள்ள பொருள்களை வெளியே எடுத்துவிடச் சொல்லியிருப்பதையும் கவனியுங்கள். அவையெல்லாம் தீட்டென்று தீர்க்கப்படாதபடிக்கு அந்த ஏற்பாடு. அந்தத் தோஷம் உண்ணியல்ல என்பதை அறிவேன், விளக்கவுரைகளை எழுதித் திருத்தவேண்டாம். ஆனால் அங்கே சுவரைக் குனிந்து பார்த்தவன் ஆசாரியன் என்பது என்னை உறுத்தியது. நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மருந்தகத்திற்குப் போகுமுன்னரே வேறொரு பிழையும் செய்திருந்தேன். ஒருவர் சொன்னார் என்று, பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கைத்தெளிப்பானில் கரைத்து முற்றமெங்கும் அடிக்கச் செய்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு செத்துக் கிடந்தன. பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள், பேச்சு நின்றுபோயிற்று. உண்ணிகளோ பத்தே நாளில் திரும்பின. வயலுக்கான நஞ்சை வீட்டு முற்றத்தில் கொட்டாதிருங்கள். மண்ணெண்ணெயையும் பழைய எஞ்சின் ஆயிலையும் நாயின் உடம்பில் பூசுவதை இன்னும் ஊர்களில் காண்கிறேன். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் உள்ளும் கெடுக்கும். வேப்பெண்ணெய் பூசுவதில் பெருந்தீங்கு இல்லை, ஆனால் அது மட்டும் போதாது. நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிரையே வாங்கிவிடும் என்பதை, இரண்டையும் வளர்ப்போர் மறவாதிருப்பார்களாக.

இணையத்தில் தேடினால் புல்லை வெட்டுங்கள், வேலியோரம் மூன்றடி அகலத்திற்கு மரச்சில்லு பரப்புங்கள் என்று வரும். அது அமெரிக்காவில் மான்களோடு திரியும் வேறொரு உண்ணிக்குச் சொன்ன ஆலோசனை. புல்லை ஒழுங்காக வைத்திருப்பது நல்லதே. மாடு கட்டும் வீட்டில் அவசியமுங்கூட, ஏனெனில் மாட்டு உண்ணியின் குஞ்சுகள் புல்நுனியில்தான் காத்திருக்கும். நாய் உண்ணிக்கோ வெடிப்புகளே வீடு.

நாங்கள் செய்தது இவ்வளவே. மணிக்கு மருத்துவர் சொன்ன உண்ணி மருந்தை எடை பார்த்துக் கொடுத்தோம். கண்ணில் பட்ட உண்ணிகளை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புக் கரைசலில் போட்டோம், நகத்தால் நசுக்கவில்லை. குருமனைக்குப் பின்னால் ஆண்டுக்கணக்காக அடுக்கியிருந்த செங்கலையும் பனையோலையையும் அகற்றினோம். அந்த அடுக்கின் அடியில் கண்டதை எழுதமாட்டேன். மணி படுத்திருந்த பழைய சாக்குகளை எரித்தோம். கருங்கல் மதிலின் இடைவெளிகளைச் சுரண்டிப் பூசினோம். கையில் பணமில்லாத வீட்டார் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தாலும் போதும். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை மட்டும், அவர் சொன்ன அளவில், வெடிப்புகளிலும் நாய் படுக்கும் இடத்திலும் அடித்தோம். காயும்வரை மணியைக் கோயில்பிள்ளை தம் வீட்டில் கட்டி வைத்திருந்தார். ஆம், சாக்கை எடுத்து வைத்தவரேதான். முட்டைகள் அந்த மருந்துக்குத் தப்பிப் பின்னர் பொரிக்கும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மீண்டும், பின்பு ஒரு முறையும் அடிக்கவேண்டியிருந்தது. ஒரே முறையில் முடிந்துவிட்டது என்று நினைத்தவர்கள்தான் தோற்கிறார்கள்.

காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளிதழ்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது பெரும்பாலும் புதர்களில் வாழும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய வேறொரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. அதற்கு நாய் காரணமன்று. நாய் உண்ணியாலும் மனிதருக்குக் காய்ச்சல் வரக்கூடும் என்பது வேறு செய்தி. எதுவாயினும், காய்ச்சலோடு உடம்பில் தீக்கொள்ளி பட்டாற்போல் கரும்பொருக்கு கண்டால், அல்லது உண்ணி கடித்தது நினைவிருந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்லத் தவறாதீர்கள். உரிய நேரத்தில் கொடுத்தால் நன்றாகக் கேட்கும் மருந்து உண்டு.

அந்தச் சிறுமிக்கு ஒன்றும் நேரவில்லை. மணி நான்கு வாரம் மாத்திரை தின்று பிழைத்தது, முன்போல் ஓடுவதில்லை. அந்தத் தாயாரிடம் போய், பார்க்கவேண்டியதைப் பாராமலிருந்தவன் நானே என்று சொல்லிவந்தேன். பக்கத்து வீட்டாரிடம் இன்னும் பேச்சு முழுதாய்த் திரும்பவில்லை. மதிலில் கிழக்கே பன்னிரண்டு அடி பூசாமல் நிற்கிறது. அசனப் பண்டிகைக்குக் கொட்டகை போட வருகிற கொத்தனார், அதையும் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.