தகடு சான்றாகாது

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருக்கும் எரிபொருள் உட்செலுத்தி அந்தக் காருக்கே உரியதா, வேறெங்கிருந்தோ வந்ததா என்று ஆராய்வது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு. மொழியியலும் சுவடியியலும் படிப்போர்க்கு அங்கே என்ன வேலை? நம் துறைகளில் இக்கேள்வியை ஏளனத்தோடு கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கே இப்பதிவு. ‘எது மூலம்?’ என்பது நம் துறையின் அடிப்படைக் கேள்வி. அக்கேள்வி இன்று இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. நாம்தான் கவனிக்கவில்லை.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. 50 ஆண்டுகளைக் கடந்தும் மூல வடிவில் பேணப்பட்டு, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் காணாத வண்டிகளே ‘விண்டேஜ்’ எனப்படும் என்று அது வரையறுக்கிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மூல வடிவம் என்பதை எந்தச் சான்றுகளைக் கொண்டு நிறுவுவது என்று அவ்வரையறை சொல்வதில்லை. கழற்றி மாட்டக்கூடிய உட்செலுத்தி எஞ்சினின் பகுதியா, அதன்மேல் பொருத்திய துணைக்கருவியா என்றும் சொல்வதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1957இல் செவ்ரோலே நிறுவனம் 6,339 கார்வெட் வண்டிகளைக் கட்டியது. அவற்றுள் 1,040 வண்டிகளே ரோச்செஸ்டர் எரிபொருள் உட்செலுத்தியுடன் வெளிவந்தன. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் அரிது. ஆகவே உரிமையாளர் பலர் அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிக்கொண்டனர். கழற்றியவை பரண்களில் கிடந்தன, கைமாறின, உதிரிபாகங்களாகப் பிரிந்தன. 1965இல் 771 வண்டிகளோடு அந்த வசதி நிறுத்தப்பட்டது. பின்னாளில் விலை ஏறியபோது அவை திரும்பி வந்தன, ஆனால் பெரும்பாலும் வேறு வண்டிகளுக்கு. உட்செலுத்தியின் பக்கவாட்டில் ஆணியறைந்த சிறு தகட்டில் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் உண்டு. எந்தக் காருக்கு உரியது என்பது அதில் இல்லை. அத்தகட்டையும் இன்று புதிதாகச் செய்துவிடலாம்.

ஆகவே நேர்மையான ஆய்வாளர் தகட்டோடு நிற்பதில்லை. அந்த உட்செலுத்தியின் எரிபொருள் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் வளைதண்டால் சுழல்வது. எனவே அதற்கேற்ற டிஸ்ட்ரிபியூட்டர் அங்கே இருக்க வேண்டும். எஞ்சின் பிளாக்கில் பொறித்த குறியெழுத்து, அது உட்செலுத்தி வகை எஞ்சின் என்று காட்ட வேண்டும். வார்ப்பு நாள் எஞ்சின் கோத்த நாளுக்கு முந்தியதாகவும், கோத்த நாள் கார் கட்டிய நாளுக்கு முந்தியதாகவும் அமைய வேண்டும். ஒன்றையொன்று சாராத சான்றுகள் ஒரே முடிவில் கூடினால்தான் ‘பொருந்துகிறது’ என்கிறார்கள். இது மூலபாட ஆய்வு அல்லாமல் வேறென்ன?

பெயர்த்தகடு இல்லாத பொருளை இவ்வாறு ஆராய்ந்த மரபு நமக்குப் புதிதன்று. நான் வசிக்கும் ஸ்ரீவராகம் அமைந்த இதே திருவனந்தபுரத்தில், தி. கணபதி சாஸ்திரி 1912 முதல் பதிமூன்று நாடகங்களைப் பாசனுடையவை என்று பதிப்பித்தார். பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரையில் கிடைத்த சுவடிகளே அப்பதிப்பின் தொடக்கம். நாடகங்களின் முன்னுரைப் பகுதியில் ஆசிரியர் பெயரே இல்லை. தொடக்கும் முறை, நடை, பிற்கால நூல்களின் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு அவர் வாதிட்டார். இவை கேரளக் கூத்தரங்கில் சாக்கியர்கள் சுருக்கிக் கையாண்ட வடிவங்களே என்று மற்றொரு சாரார் மறுத்தனர். அந்த விவாதம் இன்னும் முற்றுப்பெறவில்லை. எனினும் இரு தரப்பும் சான்றுகளை வெளியில் வைத்தே வாதிட்டன. ‘ஏட்டில் இருக்கிறது, நம்புங்கள்’ என்று எவரும் சொல்லி முடித்துவிடவில்லை.

தகடு உண்மையானதாகவே இருந்தாலும் போதாது. 1969 முதல் சில போர்ஷே 911 வகைகளில் வந்த பாஷ் இயந்திரப் பம்புக்குள், எஞ்சின் வேகத்துக்கும் த்ராட்டில் நிலைக்கும் ஏற்ப எரிபொருளை அளக்கும் முப்பரிமாண கேம் ஒன்று உண்டு. வேறு எஞ்சினுக்காக அதை மாற்றிவிட்டால் வெளியே பழைய எண் அப்படியே நிற்கும். உள்ளே பொருள் மாறியிருக்கும். வடிவம் மாறாமல் பொருள் மாறிய சொற்களை வகுப்பில் விளக்கும் நாம் இதைப் புரிந்துகொள்ளத் தடுமாறலாமா? நம் ஊர் டீசல் பம்ப் கடைக்காரருக்கு இது தெரியும். அவர் தகட்டைப் படிப்பார். படித்த பிறகு பம்பைச் சோதனை மேடையில் ஏற்றி, ஒவ்வொரு குழாயும் எத்தனை சிசி தருகிறது என்று அளந்த பிறகே பேசுவார்.

இனி என் குற்றச்சாட்டு. மாற்றம் கண்ட வண்டிக்குத் தகுதி மறுத்துவிட்டு, மாற்றங்களைப் பதிந்துவைக்க வழி வகுக்காத விதி, மறைப்பவரையே ஊக்குவிக்கிறது. ‘இந்த வண்டியின் உட்செலுத்தி கழற்றப்பட்டது, பத்து ஆண்டு கார்புரேட்டரில் ஓடியது, பின்னர் வேறோர் உட்செலுத்தி பொருத்தப்பட்டது’ என்று உள்ளதைச் சொல்பவர் தகுதியை இழக்க நேரலாம், புதுத் தகடு அடித்து வாய்மூடி இருப்பவருக்கு அந்த அச்சம் இல்லை. பாடபேதங்களை அழித்துவிட்டு ஒரே பாடத்தை மூலம் என்று அச்சிடும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. அதே செயலை இரும்பில் செய்தால் மட்டும் மரபுப் பாதுகாப்பு என்று பாராட்டுவது எந்த நியாயம்?

‘பாகங்கள் தேயும்; எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருக்க முடியுமா?’ என்பார்கள். ஏடும் சிதையும்; செல்லரிக்கும். அதனால்தான் பதிப்பில் அடிக்குறிப்பு இருக்கிறது. ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் எவரும் கேட்கவில்லை. எஞ்சின், எரிபொருள் அமைப்பு, கியர் பெட்டி, உடற்கூடு ஆகிய நான்கிலும் எது எப்போது மாறியது, அதற்குச் சான்று என்ன, எது ஊகம் என்று இரண்டு பக்கத்தில் எழுதிப் பதிவோடு இணைத்தால் போதும். வழிவழியாக அந்த வண்டியைப் பழுதுபார்த்த மெக்கானிக்குகளின் வாய்மொழியும் அதில் இடம்பெற வேண்டும். அவர்கள் மறைந்தபின் எத்தகடும் அதைச் சொல்லப்போவதில்லை.

இதற்கான முறையியல் நம்மிடம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருக்கிறது. அதை ஓலைக்கு மட்டும் உரியதென்று பூட்டிவைப்பதற்குக் காரணம் கல்விச் செருக்கே அன்றி வேறில்லை. மாற்றுக் கருத்துடையோர் வாதத்தோடு வருக.