குஞ்சுக்கு முதலில் சூடு

சென்ற இதழில் முருங்கைக் கன்றைப் பனியிலிருந்து காப்பது பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர் பினாவிலிருந்து ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். “கன்று கிடக்கட்டும். வீட்டில் கோழிக்குஞ்சு ஒன்று சுணங்கி நிற்கிறது. பக்கத்தில் கால்நடை மருத்துவர் இல்லை. குழந்தைகள் அழுகிறார்கள். என்ன செய்வது?” என்பது அவர் கேள்வி. கடிதம் நம் கைக்கு வந்து, நம் விடை அச்சேறி அவர் வீட்டை அடைவதற்குள் அந்தக் குஞ்சின் கதி ஏதேனும் ஒரு வகையில் முடிந்திருக்கும். ஆயினும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நமக்கு ஒரு தகுதி உண்டு. நம் அறியாமையால் ஒரு குஞ்சைச் சாகவிட்டவர்கள் நாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், இட்டார்சி வாரச்சந்தையில் ஒருவர் கூடை நிறையச் சாயம் பூசிய குஞ்சுகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். ரோஜா நிறம், பச்சை, மஞ்சள், ஊதா எனக் கூடையே ஒரு பூக்கடை போல இருந்தது. எட்டு வயது மகள் கையைப் பிடித்து இழுத்தால் எந்தத் தந்தைதான் நிற்காமல் போவார்? ரோஜா நிறத்தில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் வாங்கினோம். இந்தச் சாயக்குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பின்னரே அறிந்தோம். முட்டைக்காக வளர்க்கும் கோழியினத்தில் சேவற்குஞ்சால் பண்ணைக்காரருக்குப் பயன் இல்லை. பொரித்த அன்றே பால் பிரித்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கப்பட்டவற்றில் ஒரு பகுதிதான் நிறம் பெற்றுக் கூடைக்கு வருகிறது. தடுப்பு மருந்து கண்டிருக்கும் என்று நம்ப இடமில்லை. தாயின் சிறகையும் அறியாதவை அவை.

மூன்றாம் நாள் இரவு ரோஜா நிறக் குஞ்சு சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அட்டைப்பெட்டியின் மூலையில் ஒடுங்கிவிட்டது. மறுநாள் ஞாயிறு, அரசு கால்நடை மருத்துவமனை திறவாது. திறந்திருந்தாலும் பசுவும் எருமையும் வரிசையில் நிற்கும் இடத்தில் இருபது ரூபாய்க் குஞ்சை ஏந்தி நிற்க நமக்கு நாணமாகவே இருந்திருக்கும். எனவே நாமே மருத்துவர் ஆனோம். பசியால் வாடுகிறது என்று முடிவு செய்து, தயிர்ச்சோற்றைக் குழைத்து வாயைத் திறந்து ஊட்டினோம். கண்ணுக்கு மருந்து விடும் சொட்டுக்குழாயால் தண்ணீரைப் புகட்டினோம். அதுவும் போதாதென்று, காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த மாத்திரை ஒன்றில் கால் பங்கைப் பொடித்துக் கொடுத்தோம். விடிவதற்குள் அது இறந்துவிட்டது. “மருந்து கொடுத்தும் ஏன் அப்பா செத்துப்போச்சு?” என்று மகள் கேட்டாள். நம்மிடம் விடை இல்லை.

அன்று மாலையே பச்சைக் குஞ்சும் அதே மூலையில் அதே கோலத்தில் நின்றது. இம்முறை நாம் சொட்டுக்குழாயைத் தேடுவதற்குள், மகள் ஓடிப்போய் அடுத்த வீட்டு அக்காவை அழைத்து வந்தாள். அவர் பரமக்குடிப் பக்கத்தவர். கணவர் தண்டவாளப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா பெட்டிக்குள் கையை விட்டுக் குஞ்சின் காலைத் தொட்டார்.

“தம்பி, இதன் காலைத் தொட்டுப் பாருங்க. கல் மாதிரி குளிர்ந்து கிடக்கு. சோறெல்லாம் அப்புறம். முதல்ல இதுக்குச் சூடு வேணும்” என்றார். நேற்று இரவு என்ன கொடுத்தோம் என்று கேட்டறிந்தபின் அவர் வேறொன்றும் சொல்லவில்லை. குஞ்சை இரு கைகளுக்குள் பொத்தி, சேலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நம் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த அரைமணி நேரத்தில் அவர் செய்ததே இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது. தூவி மட்டுமே போர்த்திய குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. சிறகு முளைத்து உடலை மூடும் வரை, அதாவது மூன்று நான்கு வாரங்கள், தாய்க்கோழியின் அடிவயிறே அதற்கு அடுப்பு. முதல் வாரத்தில் அதன் முதுகு உயரத்தில் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்; பிறகு வாரத்திற்கு மூன்று பாகை அளவில் குறைத்துவரலாம். தை மாதத்து இட்டார்சி இரவிலோ பத்துப் பாகைக்கும் கீழே இறங்குகிறது. குளிர்ந்துபோன உடலில் செரிமானம் நடவாது. அதில் நாம் திணித்த தயிர்ச்சோறு கழுத்தடியில் உள்ள தீனிப்பையிலேயே தேங்கிப் புளித்திருக்கும். பட்டினியால் அது செத்திருக்காது. முட்டையிலிருந்து வெளிவரும் முன்பே மஞ்சள் கருவின் எஞ்சிய பகுதியைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. பொரித்தபின் இரண்டு மூன்று நாள் இரையும் நீரும் இன்றி அதைக்கொண்டே உயிர் தாங்கும். பெட்டிகளில் அடைத்துத் தொலைதூரம் அனுப்ப முடிவதும் அதனால்தான். குளிரைத் தாங்கத்தான் அதனிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே குஞ்சு சுணங்கியதும் காலையும் அலகின் உட்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் வேறெதுவும் செய்யவேண்டாம். கையில் பொத்தி வையுங்கள். பிறகு ஓர் அட்டைப்பெட்டியில் உமியோ பழைய துணியோ பரப்பி, ஒரு பக்கத்தில் மட்டும் பழைய இழை பல்பு, 40 அல்லது 60 வாட்டில், தொங்கவிடுங்கள். இப்போது வீடுகளில் இருக்கும் எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. அது வெளிச்சம் தருமேயன்றிச் சூடு தராது. நாமே அன்று ஓர் எல்.இ.டி. விளக்கைப் பெட்டிக்குள் எரியவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போனவர்கள்தாம். மின்சாரம் நின்றால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகே வையுங்கள். பல்பு அட்டையையோ துணியையோ தொடாதிருக்கட்டும். வடக்கே வந்தபின் நம்மவர் பலர் பழகிக்கொண்ட கரியடுப்பை, அதுதான் சிகடியை, குஞ்சுக்காகக் கதவடைத்த அறையில் வைக்கவே கூடாது. கரிப்புகை குஞ்சை மட்டுமன்றி வீட்டாரையும் உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

வெப்பமானி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. குஞ்சே சொல்லும். விளக்கடியில் நெருக்கியடித்துக் கீச்சுக் கீச்சென்று ஓயாமல் கத்தினால் குளிர் போதவில்லை என்று கருதவேண்டாம், சூடுதான் போதவில்லை. சிறகை விரித்து வாயைத் திறந்து மூலைக்கு ஓடினால் சூடு மிகுந்துவிட்டது. பெட்டியெங்கும் பரவி மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் விளக்கு இருக்கவேண்டும் என்றது இதற்காகவே. வேண்டிய இடத்தை அது தானே தேர்ந்துகொள்ளும்.

கால் சூடேறிய பிறகே தண்ணீர். கொதிக்கவைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரை கரைத்து, அலகின் ஓரத்தில் ஒரு துளி வைத்தால் போதும்; அதுவே உறிஞ்சிக்கொள்ளும். வாய்க்குள் ஊற்றவே கூடாது. நாக்கின் அடியில் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது. நாம் சொட்டுக்குழாயால் புகட்டிய நீர் எங்கே போயிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் உள்ளம் கூசுகிறது. கழிச்சல் இருந்தால், மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பொடியை உறையில் சொன்ன அளவு நீரில் கரைத்து ஒரு நாள் கொடுக்கலாம். கைக்கு வந்தபடி உப்பு சேர்க்கக் கூடாது. குஞ்சுக்கு உப்பு மிகுந்தால் நஞ்சு.

நின்று நடக்கத் தொடங்கியதும் இரை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்துச் சிட்டிகை அளவு வைத்தோம். பச்சைக் குஞ்சு கொத்திற்று. ஓரிரு நாளுக்குப் பிறகு கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்திற்கு மாறிவிடவேண்டும். அதில் ஏறத்தாழ 20 விழுக்காடு புரதம் இருக்கிறது. வெறும் நொய்யரிசியில் அதில் பாதிகூட இல்லை. பரமக்குடி அக்கா இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் ஊரில் பானைக்குள் சாணமும் வைக்கோலும் திணித்து ஈரமாக்கி, கொல்லையில் கவிழ்த்து வைப்பார்களாம். காலையில் எடுத்தால் கரையான் மொய்த்திருக்கும். அதைவிடப் புரதம் எந்த மூட்டையில் இருக்கிறது என்பது அவர் வாதம். நாம் மறுக்கவில்லை. ரயில்வே குடியிருப்பில் கரையான் வளர்ப்பதை மேலதிகாரி ஒப்புவாரா என்பதுதான் ஐயம்.

இன்னொரு சிறு வேலை. குளிர்ந்த குஞ்சுகளுக்கு எச்சம் ஆசனவாயில் உலர்ந்து அடைத்துக்கொள்வது உண்டு; அப்படியே விட்டால் இறந்துவிடும். பிய்த்து இழுக்காமல், வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து எடுத்து, உடலைத் துவட்டி, தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். நனைந்த குஞ்சு உடனே விளக்கடிக்குப் போகவேண்டும். வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். குஞ்சை முத்தமிடும் குழந்தைகளையும் தடுத்துவிடுங்கள். நலமாகத் தோன்றும் குஞ்சிடமிருந்தும் வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றும்.

சூட்டால் தீராத நோய்களும் உண்டு. மூன்று வாரத்திற்கு மேற்பட்ட குஞ்சு உடலைச் சிலிர்த்துக்கொண்டு இரத்தம் கலந்த எச்சமிட்டால் அது இரத்தக் கழிச்சல். ஈரத்தரையில் வளரும் நுண்ணுயிரால் வருவது. விரிப்பை அன்றே மாற்றி உலர்வாக வைக்கவேண்டும். ஆம்ப்ரோலியம் என்னும் மருந்தை உறையில் உள்ள அளவின்படி குடிநீரில் கலந்து கொடுக்கலாம். கால்நடை மருந்துக்கடையில் கிடைக்கிறது. அது பி-1 உயிர்ச்சத்தின் வடிவத்தை ஒத்து அந்த நுண்ணுயிரை ஏமாற்றும் மருந்து. எனவே அதனோடு கூடவே பலத்துக்கென்று பி உயிர்ச்சத்து டானிக்கும் ஊற்றினால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்ததாகும்.

வெள்ளைக்கழிச்சல் வேறு. கழுத்து திருகிக்கொள்ளும், கால் விழுந்துவிடும், எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகும், மூச்சுத் திணறும். 1920-களின் பிற்பகுதியில் குமாவுன் மலையில் உள்ள ராணிகேத்தில் இனம் காணப்பட்டதால் இந்நாட்டில் இதற்கு ராணிகேத் நோய் என்றே பெயர். வந்தபின் மருந்து இல்லை. ஐந்து முதல் ஏழு நாள் வயதில் லசோட்டா அல்லது எஃப் வகைத் தடுப்பு மருந்தை ஒரு சொட்டுக் கண்ணிலோ மூக்கிலோ விடுவதே காப்பு. நலமான குஞ்சுக்கு மட்டுமே விடவேண்டும், சுணங்கியதற்குக் கூடாது. குப்பி நூறு குஞ்சுகளுக்கு என்ற கணக்கில் வருகிறது. கலந்தபின் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கவும் இயலாது. இரண்டு குஞ்சு வைத்திருப்பவர் தனியே வாங்குவது வீண். குடியிருப்பில் கோழி வளர்க்கும் ஐந்தாறு வீட்டார் ஒரே நாளில் சேர்ந்துகொள்வதுதான் வழி. நாங்கள் இப்போது அப்படியே செய்கிறோம்.

ஒன்றிரண்டு அல்லாமல் பல பறவைகள் ஒரே நாளில் திடீரென்று மடிந்தால் கைவைத்தியம் எதுவும் செய்யாதீர்கள். மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் 2006-ஆம் ஆண்டு பறவைக் காய்ச்சல் வந்ததையும், 2020 டிசம்பர் இறுதியில் இந்தூரில் காக்கைகள் விழுந்ததையும் இப்பக்கத்தார் மறந்திருக்கமாட்டார்கள். செத்ததைத் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். பல மாநிலங்களில் 1962 என்னும் எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி பற்றி விசாரிக்கலாம். ஒரு குஞ்சுக்காக வருவார்களா என்று தயங்காமல் கேட்டுப் பாருங்கள். தொலைபேசியில் சொல்லும் ஒரு வார்த்தைகூட நம் கால் மாத்திரையைவிட மேலானது.

பச்சைக் குஞ்சு பிழைத்துக்கொண்டது. துணையை இழந்து இரண்டு நாள் ஓயாமல் கத்திற்று. மகள் தன் சிறு கண்ணாடியைப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தாள். அதைப் பார்த்து அமைதி அடைந்தது. மாசி கழிவதற்குள் சாயம் பூசிய தூவி உதிர்ந்து வெள்ளைச் சிறகு வந்தது. ஆடியில் கூவத் தொடங்கிற்று. விடியற்காலை மூன்றரை மணிக்கு அது கூவும்போது, இரவுப் பணி முடித்துக் கண்ணயர்ந்த எதிர்வீட்டு வண்டி மேலாளர் எழுந்து வந்து நம் கதவைத் தட்டினார். சேவல் இப்போது அக்காவின் மகள் வாழ்க்கைப்பட்ட கிராமத்தில், பத்துப் பெட்டைகளோடு இருக்கிறது. ரோஜா நிறக் குஞ்சைப் பற்றி மகள் கேட்ட கேள்விக்கு அந்தச் சேவலை அனுப்பிய நாளன்றுதான் விடை சொன்னோம். “அதுக்குக் குளிர்ந்ததா அப்பா?” என்று மட்டும் கேட்டாள். ஆம் என்றோம்.