பால் சுரப்பும் ஹார்மோன் ஏற்பிகளும்

ஹார்மோன் குருதியில் இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி திசுவில் இருத்தல் வேண்டும். கருவுற்ற காலத்தில் புரோஜெஸ்டிரோன் பால் சுரப்பைத் தடுத்து வைக்கிறது. ஆனால் பாலூட்டும் சுண்டெலிகளின் பால்சுரப்பியில் அதன் ஏற்பிகள் காணப்படவில்லை என்று ஹாஸ்லாம், சியாமளா ஆகியோர் 1979-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். ஏற்பி இல்லாதவிடத்துத் தடையும் இல்லை.

இவ்வுண்மை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடலாகாது. 2017-இல் தொடங்கிய ‘அந்தரா’ கருத்தடை ஊசியிலுள்ளது புரோஜெஸ்டிரோனை ஒத்த மருந்தே. பிரசவித்து ஆறு வாரம் கழிந்தபின், பாலூட்டும் தாய்மாரும் இதனைப் பெறலாம். பால் வற்றிவிடுமோ எனப் பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தாய் ஒருத்தி வினவினால், வற்றாது என்ற ஒரு சொல் போதாது. காரணமும் கூறப்படல் வேண்டும். எலி மட்டும் சான்றாகாது. தாய்மாரிடம் நடத்திய ஆய்வுகளிலும் பொதுவாகப் பால் குறையவில்லை என்பதை ஊழியர் எடுத்துரைத்தல் வேண்டும். ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே இதனை விளக்குவாராயின் ஊழியரின் பணி பாதி எளிதாகும்.