கேள்வி கேட்க விட்டீங்களா?

'வாட்'னா என்ன, 'வேர்'னா எங்கே, 'ஒய்'னா ஏன். ஆறாங்கிளாஸ்லயே மனப்பாடம் பண்ணியாச்சு. பி.காம் மூணாவது வருஷத்துலயும் "வேர் யூ ஆர் கோயிங்?"னுதான் வாயில வருது. உடனே சிரிக்கிறாங்க. சிரிக்க என்ன இருக்கு மக்கா?

தமிழ்ல 'வந்தான்'கூட ஒரு 'ஆ' சேர்த்தா 'வந்தானா?' கேள்வி ரெடி. இங்கிலீஷ்ல 'டிட்' முன்னாடி வரணும், 'கேம்' திரும்ப 'கம்' ஆகணும்: "டிட் ஹி கம்?" 'வேர்' வந்தா 'யூ'வுக்கு முன்னாடி 'ஆர்' வந்து நிக்கணும். இதைச் சொல்லாம வார்த்தைப் பட்டியல் மட்டும் கொடுத்தது யார் தப்பு?

பன்னிரண்டு வருஷம் வகுப்புல கேள்வி கேட்டது வாத்தியார் மட்டும்தான். நாம பதில் எழுதினோம். கேட்டே பழகாதவனுக்குக் கேள்வி எப்படி வரும்?

தினம் பக்கத்து பெஞ்ச்காரன்கிட்ட பத்து கேள்வி, தப்பாவாவது கேளுங்க. சிரிக்கிறவன்கிட்ட முதல் கேள்வி: "ஒய் ஆர் யூ லாஃபிங்?"