ஜன்னலுக்கு வெளியே நின்றவர் ஜட்ஜு ஆனார்!



இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்தவர் மாத்யூ பெர்ரி. 1921-ல் தென் கரோலினா மாகாணத்தில் பிறந்த கறுப்பர். ஒருநாள் பட்டாள உடுப்போடு ஒரு ஓட்டலுக்குப் போனார். உள்ளே இத்தாலி தேசத்து யுத்தக் கைதிகள் உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். பெர்ரியோ வெளியே ஜன்னலண்டை நின்று வாங்கித் தின்ன வேண்டியதாயிற்று. அதாவது, தேசத்துக்காக உயிர் கொடுக்க வந்தவன் வெளியே. அந்தத் தேசத்தைச் சுட வந்தவன் உள்ளே! காரணம் தோலின் நிறந்தான். இதைவிட மானக்கேடு வேறு உண்டா?

அந்த மாகாண யூனிவர்சிட்டியில் சட்டம் படிக்கக் கறுப்பருக்கு இடமில்லை. ஒருவர் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டதின் பேரில், சர்க்கார் அவரைச் சேர்த்துக் கொள்ளாமல், 1947-ல் கறுப்பருக்கென்றே தனிச் சட்டப் பள்ளி வைத்தது. தீட்டைக் காப்பாற்ற எவ்வளவு செலவு பாருங்கள்! அந்தப் பள்ளியிலேயே 1951-ல் பெர்ரி தேறி வக்கீலானார். ஒதுக்கி வைக்கக் கட்டிய பள்ளியே ஒதுக்கலை உடைக்கும் வக்கீலைக் கொடுத்தது.

1961-ல் கொலம்பியா நகரில் சட்டசபை முன்பாக ஊர்வலம் போன 187 பேருக்குத் தண்டனை கிடைத்தது. பெர்ரி முதலிய வக்கீல்கள் வழக்காட, 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. அதே வருஷம் கிளெம்சன் காலேஜில் முதல் கறுப்பு மாணவர் நுழைந்ததும் இவர்கள் நடத்திய வழக்கினால்தான்.

1976-ல் ஜனாதிபதி போர்டு அவரை ராணுவ அப்பீல் கோர்ட்டு ஜட்ஜாக நியமித்தார். ஜன்னலில் நின்ற சிப்பாய், சிப்பாய்களின் அப்பீலைக் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். 1979-ல் தென் கரோலினா பெடரல் ஜில்லா ஜட்ஜானார். அங்கு அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவரே.

"பார்த்தீர்களா, பேதம் ஒழிந்தது" என்று சிலர் சொல்லக்கூடும். நாம் கேட்கிறோம்: முதல் ஆள் வர 1979 வரையில் ஏன் ஆயிற்று? அதுவரை அங்கு அறிவுள்ள கறுப்பர் ஒருவரும் பிறக்கவில்லையா? ஒருவர் ஏறியது நோய் தீர்ந்ததற்கு அத்தாட்சியல்ல. அவ்வளவு காலம் நோய் இருந்ததற்கே அத்தாட்சி.

இந்த நோய்க்கும் கடவுளையே சாட்சிக்கு இழுத்தார்கள். 1965-ல் வர்ஜீனியா ஜட்ஜு ஒருவர், கடவுள் இனங்களைத் தனித்தனி கண்டங்களில் வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று கலப்பு மணத்துக்கு எதிராக எழுதினார். 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. கடவுள் அப்பீல் செய்யவில்லை!

பெர்ரி 2011-ல் காலமானார். கொலம்பியா பெடரல் கோர்ட்டுக் கட்டடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப் பலகைக்கு மாலை போட்டால் போதாது. ஜன்னலை உடைத்தது பூஜையல்ல, பிரார்த்தனையல்ல. படிப்பும், வழக்கும், தெருவில் இறங்கிய வாலிபர்களின் துணிவுமே. ஆகையால், எவர் எந்த நாற்காலியில் ஏறினார் என்று பார்த்துச் சந்தோஷப்படுவதோடு நில்லாமல், இன்னும் எவர் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார் என்று பாருங்கள்.