செவிலிக்கும் ஒரு மகள் உண்டு

முதுகலைத் தமிழ் வகுப்பில் பாலைத்திணை நடத்திக்கொண்டிருந்தேன். உடன்போக்கில் போய்விட்ட தலைவியைத் தேடிச் செவிலித்தாய் சுரத்தில் நடக்கிறாள். எதிரே வரும் அந்தணரிடம் அவளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கலித்தொகையில் வரும் அந்த இடத்தைப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே மாதிரிதான் விளக்கி வந்திருக்கிறேன்: தாய்மை, தவிப்பு, அறம். அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"தோழி, செவிலியோட மகதானே மேடம்? தொல்காப்பியத்துல அப்படித்தானே சொன்னீங்க? அப்போ இவ பெத்த பொண்ணு அந்த வீட்லயே நிக்குது. அதுக்காக இவ அழுத பாட்டு எங்க இருக்கு?"

கேட்டவருக்கு வயது 61. 36 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபடியே அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்தவர். முனைவர் பட்டம் வாங்கிய நான் ஒரு பாட்டைக்கூட எடுத்துச் சொல்ல முடியாமல் நின்றேன். நான் படித்த செவிலி கூற்றுகளில் அவள் அலைவதும் அழுவதும் தலைவிக்காகவே.

அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வந்ததல்ல. தன் மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டில் தூங்கவைத்துவிட்டு நைட் டூட்டிக்குப் போனவரின் கேள்வி அது. பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவு. அவர் ஒற்றை ஆளாக நாற்பது கட்டில்களைப் பார்த்திருக்கிறார். ட்ரிப் தீர்வதற்குள் மாற்றுவது, மூச்சின் சத்தம் மாறுவதைக் கேட்டே டாக்டரை எழுப்புவது, எழுப்பியதற்குத் திட்டு வாங்குவது. இது அறிவு. ஆனால் நாம் இதை அறிவு என்று சொல்வதில்லை; 'சேவை' என்கிறோம், 'பொறுமை' என்கிறோம், 'தாயுள்ளம்' என்கிறோம்.

தோழிகளே, இந்தச் சொற்களைச் சந்தேகப்படுங்கள். ஒரு பெண்ணின் உழைப்பைத் தாய்மை என்று அழைத்துவிட்டால் அதற்குக் கூலி பேச வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2015-இல் தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியருக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தபோது, நோயாளிகளைத் தவிக்கவிடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே வாசலில் நின்று கைதட்டியது. கைதட்டலை வைத்து வாடகை கொடுக்க முடியாது.

இப்போது அவர் படிக்க வந்திருக்கிறார். அதற்கு இரண்டு விதமான எதிர்வினைகள். ஒன்று வீட்டினுடையது. "இந்த வயசுல எதுக்கும்மா பரீட்சை? பெங்களூரு வந்து பிள்ளையப் பாத்துக்கோயேன்" என்கிறான் மகன். 36 வருட டூட்டி முடிந்ததும் அடுத்த டூட்டி, இம்முறை சம்பளமும் இல்லை, வார விடுமுறையும் இல்லை. ஓய்வுபெற்ற அப்பாக்கள் சுயசரிதை எழுதுகிறார்கள், நடைப்பயிற்சிக் குழுவில் அரசியல் பேசுகிறார்கள். எந்த மகனும் அவர்களைத் தொட்டில் ஆட்டக் கூப்பிடுவதில்லை.

இரண்டாவது எங்கள் கல்லூரியினுடையது. மகளிர் தினத்தில் அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். 'வயது ஒரு தடையல்ல' என்று பேசினார்கள். வயதா அவரைத் தடுத்தது? முறை வைத்து மாறிய ஷிஃப்ட் தடுத்தது. நர்சிங் தவிர வேறெதற்குப் படிப்பு விடுப்பு கேட்டாலும் சிரித்த அலுவலகம் தடுத்தது. மகப்பேறு, மாமியாரின் பக்கவாதம், மகளின் கல்யாணக் கடன் எல்லாம் வரிசையில் நின்று தடுத்தன. தடுத்தவர்களே பொன்னாடையையும் போர்த்துகிறார்கள். பாராட்டு என்பது சில நேரம் கடனைத் திருப்பித் தராமல் தப்பிக்கும் வழி.

இளம்பெண் ஒருத்தியின் இடத்தை இவர் எடுத்துக்கொண்டாரே என்று என் சக ஆசிரியர் ஒருவர் குறைப்பட்டார். எங்கள் துறையில் வருடந்தோறும் காலியாகக் கிடக்கும் இடங்களை அவர் எண்ணிப் பார்க்கட்டும். அன்று அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் வகுப்பிலிருந்த இளம்பெண்கள் எதை இழந்திருப்பார்கள் என்பதையும் எண்ணட்டும். அவர் இடத்தைப் பறிக்க வரவில்லை. நம் பாடத்தில் விடுபட்ட இடத்தைக் காட்ட வந்திருக்கிறார்.

எனவே நாம் கேட்க வேண்டியது விழா அல்ல. மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு நடத்தும் அரசுக் கல்லூரிகளைக் கேட்போம். முப்பது வயதிலேயே, விரும்பிய பாடத்தைப் படிக்கச் செவிலியருக்குச் சம்பளத்தோடு விடுப்பு கேட்போம். ஒரு பெண் படிக்க அறுபது வயதுவரை காத்திருந்தது அவருடைய சாதனை அல்ல. நம் எல்லோருடைய குற்றம்.

முதல் வாரத்தில் பழக்கதோஷத்தில் நான் அவரை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டேன். "இங்கயாவது பேரச் சொல்லுங்க மேடம். வார்டுல சிஸ்டர், வீட்ல அம்மா. என் பேரே எனக்கு மறந்துபோச்சு" என்றார். அதிலிருந்து வருகைப்பதிவில் அவர் பெயரை முழுதாக வாசிக்கிறேன். இந்தக் கட்டுரையிலும் அதை எழுத அனுமதி கேட்டேன். மறுத்துவிட்டார். செவிலியின் மகளைப் பற்றி ஆய்வேடு எழுதப்போகிறாராம்.

"அதுல நானே போட்டுக்கறேன்."