மணலில் இழுத்த சிவப்புக் கோடு

பாலைநிலத்திற்கு எல்லை வகுத்து அமைதி நாட்டினான் ஆங்கிலேயன் என்று அவன் புகழ் பாடும் வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். யாருடைய நிலத்தை யார் வகுத்தார்? எந்த உரிமையால் வகுத்தார்? வகுத்த பின் விளைந்தது அமைதிதானா? 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில், அரபு நாட்டின் கீழைக்கரையிலுள்ள உக்கைர் என்னும் சிறு துறையில் அடிக்கப்பட்ட கூடாரங்களுக்குள் எட்டிப் பார்த்தால் இவ்வினாக்களுக்கு விடை கிடைத்துவிடும்.

அங்கே கூடியவர் யார் யார்? நசுதுப் பாலையின் தலைவர் இபுன் சவூது. ஈராக்கின் பேராளராக அமைச்சர் சபீகு. குவைத்தின் பேராளராக வந்தவர் ஒரு குவைத்தியரா? இல்லை! குவைத்தில் அமர்த்தப்பட்டிருந்த ஆங்கில அரசியல் அலுவலர் மேசர் மோர். இவர்கள் அனைவருக்கும் நடுவராக வீற்றிருந்தவர், ஈராக்கில் ஆங்கில அரசின் உயர் ஆணையரான சர் பெர்சி காக்சு.

நடுவராம்! ஈராக்கு, முதல் உலகப் போரில் துருக்கியரிடமிருந்து பிடுங்கி ஆங்கிலேயர் கட்டியாண்ட நிலம். அதன் மன்னர் பைசலை 1921-இல் அரியணையில் ஏற்றியவர்களும் அவர்களே. இபுன் சவூதோ அதே ஆங்கில அரசிடம் திங்கள்தோறும் 5,000 பவுண் பெற்றுவந்தவர். குவைத்து, தன் மண்ணில் ஒரு சாணைக்கூட ஆங்கிலேயர் இசைவின்றிப் பிறருக்குக் கொடுக்க முடியாதபடி 1899-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கட்டுண்ட நாடு. அந்தக் கட்டுக்கு விலையாக மன்னர் முபாரக்குக்குக் கொடுத்த 15,000 உரூபாவும் இலண்டன் பணமன்று. இந்தியக் கருவூலத்துப் பணம். சென்னை மாகாணத்து உழவன் கட்டிய நிலவரியும் கலந்து கிடந்த கருவூலம் அது! மூவர் குடுமியையும் ஒரே கையில் பிடித்திருந்தவனுக்கு நடுவன் என்று பெயர் சூட்ட வல்லாண்மையின் அகரமுதலியால் மட்டுமே இயலும்.

பாலைக்குடிகளுக்கு எல்லை என்பது கோடன்று, கிணறு. மழை பெய்த திக்கு நோக்கி ஒட்டகங்களை ஓட்டிச் செல்வர். கோடையில் தத்தம் இனக்குழுவுக்குரிய கிணறுகளுக்குத் திரும்புவர். எந்தக் கிணறு எவருக்குரியது, எவர் எவரிடம் இசைவு கேட்டு நீர் மொள்ள வேண்டும் என்பதெல்லாம் எழுதாச் சட்டமாய் வழிவழி வந்தவை. அதனால்தான், எல்லையைக் குடிகளை வைத்து வகுக்க வேண்டுமேயன்றி நிலத்தில் கோடிட்டு வகுக்கலாகாது என்று இபுன் சவூது வாதிட்டார். அவரும் ஒன்றும் தன்னலம் துறந்தவரல்லர். குடிகள் மேயுமிடமெல்லாம் தம் ஆட்சி பரவட்டும் என்பதே அவர் கணக்கு. ஆயினும் அவர் சொன்னது பாலையின் முறை. காக்சு வேண்டியது நிலப்படத்தின் முறை.

ஐந்து நாள் வழக்காடினர். ஒருவர் ரியாத்துக்குப் பன்னிரண்டு கல் தொலைவு வரை ஈராக்கு என்றார். மற்றவர் வடக்கே அலெப்போ வரை தமதென்றார். குவைத்தின் சார்பில் வந்த மோர் வாய் திறக்கவேயில்லை. ஆறாம் நாள் நடந்ததை, உடனிருந்த ஆங்கில அலுவலர் திக்சன் தம் நூலில் ஒளிக்காமல் எழுதியுள்ளார். குறும்பு செய்த பள்ளிச் சிறுவனை அதட்டுவதுபோல் காக்சு இபுன் சவூதை அதட்டினாராம். எல்லையைத் தாமே முடிவு செய்யப்போவதாகச் சொன்னாராம். அந்தப் பாலைத் தலைவர் கண்கலங்கிப்போனாராம். பின்னர்ச் சிவப்பு எழுதுகோலை எடுத்து, கடலிலிருந்து மேற்கே நிலப்படத்தில் ஒரு கோட்டை இழுத்தார் காக்சு. எல்லை பிறந்துவிட்டது!

அந்தக் கோட்டால் நசுது உரிமை பாராட்டிய பெருநிலம் ஈராக்குக்குப் போயிற்று. அதற்கு ஈடு செய்ய வேண்டுமல்லவா? குவைத்தை அறுத்துக் கொடுத்தார். துருக்கியரோடு 1913-இல் ஆங்கிலேயரே எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் குவைத்துக்குரியதாகக் காட்டிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பறிபோனது. மன்னர் அகமது ஏனென்று கேட்டதற்கு, எழுதுகோலைவிட வாளுக்கே வலிமை மிகுதி, கொடுத்திராவிட்டால் இபுன் சவூது விரைவில் தாமே எடுத்துக்கொண்டிருப்பார் என்னும் பொருளில் காக்சு விடை சொன்னதாகத் திக்சனே எழுதுகிறார். வாளுக்கு அஞ்சி மண்ணை விடுவதாயின், காப்பாளன் என்று ஒருவன் எதற்கு?

அந்தக் கூடாரங்களைச் சுற்றி நில எண்ணெய் உரிமை தேடி வந்த மேசர் ஓம்சு என்பவரும் உலவிக்கொண்டிருந்தார் என்பதையும் மறந்துவிடலாகாது. மண்ணுக்குமேல் ஒட்டகம் மேய, மண்ணுக்குக்கீழ் வணிகக் கண் மேய்ந்தது.

இனி, அமைதி விளைந்த கதை. மேய்ச்சற்குடிகளின் வாயை அடைக்க, எல்லைக்கு அண்மையிலுள்ள கிணறுகளில் கோட்டை கட்டுவதில்லை என்று உக்கைரில் எழுதிக் கொடுத்திருந்தனர். 1927-இல் ஈராக்கின் தென்பாலையில் புசையா என்னுமிடத்துக் கிணற்றருகே காவல் அரண் எழுந்தது. இது ஒப்பந்த மீறல் என்றனர் நசுதியர். எல்லையிலிருந்து பல கல் தள்ளியிருக்கும் இடம் 'அண்மை' ஆகாது என்றனர் ஆங்கிலேயர். ஒரு நாளில் ஒட்டகம் கடக்கும் வழியை அளவாகக் கொண்டு வாழ்பவனுக்கு எது அண்மை? மேசைமேல் அளவுகோலை வைத்துப் பார்ப்பவனுக்கு எது அண்மை? அந்த ஒரு சொல்லுக்குக் குருதி கொட்டியது. முத்தைர்க் குடியினர் நவம்பரில் அரணைத் தாக்கிக் காவலரைக் கொன்றனர். ஆங்கில வானூர்திகள் பாலைக்குள் பறந்து குண்டு வீசின. 1928-இல் சித்தாவில் நடந்த பேச்சும் முறிந்தது. கோட்டை ஏற்க மறுத்துக் கலகம் செய்த குடித்தலைவர்களை, 1930-இல் ஆங்கிலேயரே பிடித்து இபுன் சவூதிடம் ஒப்படைத்தனர். அவர்களுள் முதல்வரான பைசல் அல்துவைசு மறு ஆண்டே சிறையில் மாண்டார்.

குவைத்துக்கும் ஈராக்குக்கும் இடைப்பட்ட எல்லையின் கதை இன்னும் நகைப்புக்குரியது. 1932-இல் இரு நாடுகளும் மாற்றிக்கொண்ட மடல்களில், சப்வான் ஊருக்குச் சற்றுத் தெற்கே எல்லை செல்லும் என்றிருந்தது. 'சற்று' என்றால் எத்தனை முழம்? எழுதவில்லை. 1961-இல் குவைத்து விடுதலை பெற்ற ஒரு கிழமைக்குள் நாடு முழுவதும் தனதென்றது ஈராக்கு. 1990 ஆகத்து 2-இல் படையோடு புகுந்தது. அங்கே உழைத்துப் பிழைத்த இந்தியர் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்டோர், அவர்களுள் தமிழர் பலர், தேடிய பொருளையெல்லாம் விட்டு அம்மான் வழியே வானூர்தியேறித் திரும்பினர். போர் ஓய்ந்த பின் ஒன்றிய நாடுகள் அவை அமர்த்திய குழுவினர் பழைய நிலப்படங்களையும் மடல்களையும் புரட்டிப் புரட்டி அந்தச் 'சற்றுத் தெற்கை' அளந்தறிந்து தூண் நட்டனர். பாதுகாப்பு மன்றம் அவ்வெல்லையை உறுதி செய்த ஆண்டு 1993. காக்சு இறந்து அப்போது ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.